'கோரமண்டல்' என்னும் ஆங்கிலப் பெயரின் வரலாறு

ஆங்கில பாஷையில் வழங்கும் சொற்களுள் நம் தமிழ்நாட்டினின்றும் சென்றவை சிலவுள. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுதண்ணீர் 'முல்லிகடானி' என்று பெயர் பூண்டு சீமை உணவுச்சாலைகளிற் புகுந்தது. இவற்றின் பிறப்பை அறிதற்கு மிக்க ஆராய்ச்சி வேண்டுவதில்லை. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பின் உண்மை தானே புலனாகும். 'கோரமண்டல்' என்னும் பெயரோ அத்தன்மையதன்று. முதலெழுத்து மாறியும், நடுவெழுத்துத் திரிந்தும், ஈறு கெட்டும் நிற்றலால், நம்மவரே அதனைக் கேட்டுழி நம்முடையதென்று அறியாது மயங்குகின்றனர். அதன் வேர் பெரம்பலூர், அரியலூர் என்னும் நம் இரு ஜில்லாக்களின் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையதாதலின், அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு விளங்க உரைத்தல் தகுமெனக் கருதி இதனை எழுதலுற்றோம்.

ஆங்கிலேயர் கோரமண்டல் என்றது யாதெனின், தெற்கே கோடிக்கரை தொடங்கி வடக்கே கிருஷ்ணா நதியின் முகத்துவாரம் வரையிலும் நீண்டு கிடக்கும் கீழைக் கடற்கரையை என்க. இக்கரையை அவர் மட்டும் இப்பெயரால் வழங்கினாரல்லர். 1610-ஆம் ஆண்டிற் பழவேற்காட்டில் நிலைபெற்ற ஒல்லாந்தரும், 1620-இல் தரங்கம்பாடியில் இடம்பெற்ற தானியரும், 1639-இல் சென்னையில் நிலம் பெற்ற ஆங்கிலேயரும், 1674-இல் புதுச்சேரியிற் குடியேறிய பிராஞ்சுக்காரரும் ஆகிய நால்வகையாரும், தம்முட் பகைத்தும் பொருதும் நின்றாராயினும், இக்கரையின் பெயரளவில் ஒன்றுபட்டே இருந்தனர். அவ்வொற்றுமைக்குக் காரணம், அவரனைவரும் தமக்கு முன் வந்த போர்த்துக்கேசியரிடமிருந்து இப்பெயரைக் கடன் கொண்டமையே.

இங்ஙனம் சென்ற பெயர் இப்பொழுது உருமாறி நம்மிடத்துக்கே திரும்பி வந்துளது. 1977-ஆம் ஆண்டு முதல் வங்கத்துக்கும் சென்னைக்கும் இடையே ஓடிவரும் விரைவு வண்டிக்குக் கோரமண்டல் என்பது பெயர். தமிழ்ப் பத்திரிகைகள் அதனை அவ்வாறே தமிழெழுத்தில் அச்சிடுகின்றன. படிப்போர் அதிற் 'கோரம்' என்னும் வடசொல்லையே காண்கின்றனர். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரிஸ்ஸாவில் அவ்வண்டி பெருவிபத்துக்குள்ளானபோது, பெயரே அபசகுனமென்று பேசினாரும் உண்டு. சென்னை எழும்பூரினின்றும் கும்பகோணம், தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ஓடும் மற்றொரு வண்டிக்குச் சோழன் விரைவு வண்டி என்று பெயர். இரண்டும் ஒரு பெயரே என்பதை அவற்றில் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கானவருள் எத்துணைப் பேர் அறிவர்? வணிக உலகிலும் இவ்வியப்பு உண்டு. முருகப்பா குழுமத்தார் நடத்தும் கம்பெனிகளுள் ஒன்று சோழமண்டலம் என்றும், மற்றொன்று கோரமண்டல் என்றும் பெயர் பெற்றுள்ளன.

இனி, இப்பெயர்க்குப் பலர் பலவாறு பொருள் கூறினர். குருமண்டலம் என்றார் சிலர்; அவர்க்குக் குருநாடு வடக்கே கங்கைக்கும் யமுனைக்கும் அணித்தாயது என்பது நினைவில் வரவில்லை போலும். கரைமண்டலம் என்றார் வேறு சிலர். கேட்டற்கு இனிதாயினும், அங்ஙனம் ஒரு நாடு எச்சாஸனத்திலும் காணப்படவில்லை. சோளம் விளையும் நாடாதலிற் சோளமண்டலம் என்பாரும் உளர். பெரம்பலூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு இவ்விளக்கம் மகிழ்ச்சி தரக்கூடும். இற்றைநாளில் மக்காச்சோள விளைவில் அந்த ஜில்லா தமிழ்நாட்டில் முதன்மை பெற்றுளதன்றோ! ஆயினும் மக்காச்சோளம் அமெரிக்கா கண்டத்தினின்றும் போர்த்துக்கேசியர் வரவுக்குப் பின்னரே இந்நாடு புகுந்தது. பழைய வெண்சோளமும் செஞ்சோளமும் முன்னரே இருந்தனவெனினும், சோளம் என்பதில் நிற்பது ளகரம். சோழம் என்பதில் நிற்பது ழகரம். நம் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து கெட்டமை பற்றிப் பழைய சாஸனங்களிலும் அவை கலந்தன என்று கொள்ளுதல் பொருந்தாது. கல்வெட்டுக்களில் அரசர் பெயரும் நாட்டின் பெயரும் ழகரம் பெற்றே வருகின்றன.

இவற்றினும் சற்று வலியுடையதாகத் தோன்றியது கருமணல் என்னும் விளக்கம். பழவேற்காட்டுக்கு வடக்கே கடற்கரையில் அப்பெயருடைய சிற்றூர் ஒன்று உண்டு. சென்னையிலிருந்த ஐரோப்பியர் அவ்வூரையும் 'கோரமண்டல்' என்றே எழுதியும் உச்சரித்தும் வந்தனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் பாதிரியாரே 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் முதற்பதிப்பில் இக்கருத்தைக் குறித்தார். ஆனால் 1875-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதனைக் கைவிட்டுச் சோழமண்டலம் என்பதையே ஏற்றுக்கொண்டார். தாம் முன் எழுதியதைத் தாமே திருத்திக்கொண்ட அப்பெரியாரின் நேர்மை போற்றத்தக்கது. கருமணற் கூற்று நில்லாமைக்குக் காரணங்கள் வெளிப்படை. ஒரு சிற்றூரின் பெயர் நூற்றுக்கணக்கான மைல் நீண்ட கரைக்குப் பெயராதற்குத் தக்க பெருமை எதுவும் அவ்வூர்க்கு இல்லை. போர்த்துக்கேசியர் தொடக்கத்தில் இப்பெயரால் வழங்கியது நாகப்பட்டினத்தைச் சூழ்ந்த கரையை. கருமணலோ அதற்கு வெகுதூரம் வடக்கே தொண்டைநாட்டு எல்லையிற் கிடப்பது. அன்றியும், கோரமண்டல் என்பதிலுள்ள டகர ஒலி மணல் என்னும் சொல்லினின்றும் எங்ஙனம் தோன்றும்? அதற்கு விடையில்லை. ஐரோப்பியர் முன்னரே அறிந்திருந்த பெரும்பெயரை ஒலியொப்புமை பற்றி அச்சிற்றூர்க்கும் ஏற்றினர் என்பதே தெளிவு.

இவ்விடத்து ஒன்று சொல்லாமல் மேற்செல்ல மனம் ஒருப்படவில்லை. ஒலியொப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு பிறப்பாராயும் வழக்கம் ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதன்று. நம் போன்ற சமூகச் சங்கங்களின் வெளியீடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சமூகத்தாரும் தம் பெயரையோ பட்டத்தையோ இரண்டாகப் பிளந்தும், எழுத்தைக் கூட்டியும் குறைத்தும், தம்மைச் சோழர் வழியினர் என்று நாட்டுதற்கு முயன்றிருக்கின்றனர். கருமணலிற் கோரமண்டலைக் கண்டாரை நாம் எள்ளுவோமாயின், நம் பட்டப்பெயரிற் கரிகாலனைக் காண்பாரை என்னென்பது? சாஸனம் எங்கே, அது தோன்றிய ஆண்டு யாது, எழுத்து மாறியதாயின் அம்மாற்றம் வேறு சொற்களிலும் நிகழ்ந்துளதா என்னும் மூன்று வினாக்களையும் நம் குலவரலாறு எழுதுவோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. இக்கட்டுரையில் நாமும் அவ்வினாக்களுக்கு விடை கூறியே செல்வோம்.

முதற்கண் சோழ என்னும் பெயரை நோக்குவோம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோக சக்கரவர்த்தி பொறித்த பாறைச் சாஸனங்களில், தம் ஆட்சிக்குப் புறம்பேயுள்ள தென்னாட்டாரைக் குறிக்குமிடத்துச் 'சோட' என்னும் பெயர் பாண்டியர்க்கு முன் நிற்கின்றது. நம் ழகரம் அங்கே டகரமாயிற்று. தெலுங்கு நாட்டிலும் அவ்வாறே; அந்நாட்டில் ஆண்ட சோழக் கிளையினரைச் சோடர் என்றே சரித்திரக்காரர் வழங்குவர். ஈழத்துப் பாலி நூலாகிய மகாவம்சத்தில் அது 'சோள' என நின்றது. சிங்களவர் 'சோளி' என்றனர். கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் யவன பூகோள சாஸ்திரியாகிய தாலமி என்பார் தம் நூலிற் காவிரிப்பூம்பட்டினத்தைக் 'கபேரிஸ்' என்று குறித்து, அது கிடக்கும் கரையினரைச் 'சோரிங்கர்' என்று எழுதினார். 'சோர' என்னும் வேந்தர் பெயரும் அந்நூலில் வருகின்றது. அங்கே ழகரம் ரகரமாயிற்று. இராஜராஜ சோழர் காலத்தில் அனுப்பப்பெற்றுக் கி. பி. 1015-இற் சீனதேசத்தை அடைந்த தூதுக்குழுவைப் பற்றி எழுதிய சீனர், அந்நாட்டின் பெயரைச் 'சூலியென்' என்று படிக்கப்படும் எழுத்துக்களாற் குறித்தனர்.

ஆகவே ஒரே பெயர் வடக்கே சோட எனவும், தெற்கே சோள எனவும், மேற்கே சோர எனவும் கேட்கப்பட்டது. இதிற் சொன்னவர் பிழை யாதுமில்லை. ழகரத்தின் இயல்பே அது. நாவை மேலே வளைத்து எதனையும் தொடாமல் எழுப்பும் அவ்வொலியைத் தம் பாஷையில் இல்லாதார், தமக்குப் பழகியவற்றுள் அதற்கு அணித்தாய் நின்ற ஒன்றைக் கொண்டு நிரப்பினர். ரகரமாகக் கேட்டல் போர்த்துக்கேசியர் காலத்துப் புதுமையன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே யவனர் செவியில் அது நிகழ்ந்துவிட்டது.

மண்டலம் என்பது வட்டம் என்னும் பொருள்தரும் வடசொல். அது பெருநாட்டுப் பிரிவுக்குப் பெயராய் நிலைத்தது முதலாம் இராஜராஜர் காலத்தில், அஃதாவது 985-க்கும் 1014-க்கும் இடைப்பட்ட காலத்தில். வென்ற நாடுகளையெல்லாம் அவர் மண்டலங்களாக வகுத்துத் தம் பெயர்களைச் சூட்டினர். தொண்டைநாடு ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. பாண்டிநாடு இராஜராஜப் பாண்டிமண்டலம் ஆயிற்று. ஈழம் மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று. அடைமொழி வேண்டாத தாய்நாடோ சோழமண்டலம் என்றே நின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் சாஸனங்களில் இப்பெயர் பயில்கின்றது. சங்கத்தார் சோணாடு என்று வழங்கிய பழம்பெயர் புலவர் நாவிலே தங்கியது. அரசாங்கக் கணக்கிலும் கடல்வணிகர் பேச்சிலும் புகுந்தது இப்புதிய பெயரே. பிறநாட்டார் எடுத்துச் சென்றதும் இதுவே.

இராஜராஜரின் திருமகனார் இராஜேந்திரர் கங்கைவரை படை செலுத்தி மீண்டு, ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டிற் காவிரிக்கரைத் தஞ்சையை விடுத்துக் கொள்ளிடத்தின் வடபால் ஒரு புதுத் தலைநகரை எடுத்தனர். அதுவே இன்று அரியலூர் ஜில்லா உடையார்பாளையம் தாலுகாவில் அமைந்துள்ள கங்கைகொண்ட சோழபுரம். அவ்வாண்டையொட்டியே அவர்தம் கப்பற்படை கடல்கடந்து கடாரம் வென்றது. நகருக்கு மேற்கே வெட்டப்பெற்ற சோழகங்கம் என்னும் பேரேரியை, நீரினால் அமைந்த வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. ஏறத்தாழ 16 மைல் நீளமுள்ள கரையுடையதாகச் சென்ற நூற்றாண்டுகளில் அதனைக் கண்டார் எழுதினர். இன்று பொன்னேரி என்பர். 1279 வரையில், இருநூற்றைம்பது ஆண்டுகள், சோழமண்டலம் என்னும் பெயரால் ஓலைகள் புறப்பட்ட அரண்மனை இம்மண்ணில் இருந்தது. மாளிகைமேடு என்னும் இடத்தில் தமிழ்நாட்டுத் தொல்பொருட் டுறையார் 1980 முதல் அகழ்ந்து கண்டவை அவ்வரண்மனையின் செங்கற் சுவர்களும் கூரையோடுகளும் பிறவுமே. தஞ்சையை நினையாது சோழரை நினைப்பார் இல்லை. ஆயினும் அவர்தம் தலைநகராய் நெடுங்காலம் நின்றது நம் வடகரை ஊரே என்பதை வெளியூரார்க்கு நாம்தான் எடுத்துரைத்தல் வேண்டும்.

1279-உடன் சோழர் ஆட்சி முடிந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் இவ்வழிப் போந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மாபார் என்னும் தேசத்திற் 'சோளி' என்று ஒரு நாடு உண்டென்றும், அது இந்தியாவிற் சிறந்ததென்றும் எழுதினார். வேந்தர் போயினும் நாட்டின் பெயர் போகவில்லை. பாண்டியர் வந்தனர், துலுக்கர் படை வந்தது, விஜயநகரத்தார் வந்தனர். சோழர் மாய்ந்து இருநூற்றிருபது ஆண்டுகள் கழிந்து, 1498-இற் போர்த்துக்கேசியர் கோழிக்கோட்டில் இறங்கியபோதும், அப்பெயர் மக்கள் வழக்கில் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரமோ அதற்குள் கோயிலொன்றொழிய ஏனையவெல்லாம் மண்மேடாகிச் சிற்றூராய்ச் சுருங்கிவிட்டது.

போர்த்துக்கேசியர் இப்பெயரை முதலிற் கேட்டது சோழநாட்டிலன்று, மலையாளக் கரையிலேயே ஆதல்கூடும். மலையாளத்தார்க்கும் ழகரம் உண்டு. ஆயின் முதலிலுள்ள சகரத்தை அவர்கள் நம்மினும் வல்லென்று ஒலிப்பர். 1510-இல் அச்சேறிய இத்தாலியராகிய வர்த்தேமா என்பாரின் யாத்திரை நூலிற் 'சோரோமண்டெல்' என்று படிக்கத்தக்க எழுத்துக்களைக் காண்கிறோம். மலையாளக் கரையில் நெடுநாள் உத்தியோகம் பார்த்த பார்போஸா என்னும் போர்த்துக்கேசியர் ஏறத்தாழ 1516-இல் எழுதியது 'சரமண்டெல்'. முதலெழுத்து சகரமே என்பதற்கு இவை போதிய சான்று. இவற்றைக் கண்ட பின்னர்க் கருமணலுக்கும் குருவுக்கும் இடமில்லை.

சகரம் ககரமாய் மாறியது எங்ஙனம் எனின், அது நாவினால் விளைந்ததன்று, கண்ணினால் விளைந்தது. ஐரோப்பிய எழுத்தில் 'ஸி', 'எச்' என்னும் இரண்டெழுத்தையும் சேர்த்துப் போர்த்துக்கேசியர் சகரம் குறித்தனர். அவ்விரண்டெழுத்தையே லத்தீன் கற்றார் ககரமாகப் படிப்பர். 'கிறிஸ்து' என்னும் திருப்பெயரின் முதல் இவ்வெழுத்துக்களால் ஆயதே. போர்த்துக்கேசியர் வரைந்த கடற்படங்களைப் பார்த்து ஏனைய ஐரோப்பியர் படி எடுத்தபோது, எழுத்தைக் கண்டாரேயன்றி ஒலியைக் கேட்டாரல்லர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கம்பெனிக் கடிதங்களிற் சிலவற்றில் அந்த 'எச்' எழுத்து இன்னும் நிற்கின்றது. நாளடைவில் வேண்டாததென்று அதுவும் கழிக்கப்பட்டது. கழிந்தவுடன் சோழர்க்கும் அப்பெயர்க்கும் உள்ள தொடர்பு கண்ணுக்கும் மறைந்தது. ஓர் எழுத்தைப் படிக்கும் முறையால் ஒரு குலத்தின் பெயர் மறைந்தது விந்தையே.

ழகரம் ரகரமாயதற்கு முன்னர்க் காட்டிய யவன வழக்கே உறுதுணை. ஆனால் இங்கு ஒரு தடை எழுதல்கூடும். பழவேற்காட்டைப் 'புலிகாட்' என்றும், கோழிக்கோட்டைக் 'காலிகட்' என்றும் ழகரத்தை லகரமாக்கிய ஐரோப்பியர், சோழமண்டலத்தில் மட்டும் ரகரமாக்கியது ஏன்? கூர்ந்து நோக்கின் விடை தோன்றும். பழவேற்காட்டிலும் கோழிக்கோட்டிலும் வேறு லகரம் இல்லை. சோழமண்டலத்திலோ பின்னே ஒரு லகரம் நிற்கின்றது. ஒரே சொல்லில் இரண்டு லகரம் அணித்தாய் வரின் ஒன்றை ரகரமாக்குதல் ஐரோப்பிய பாஷைகள் பலவற்றிலும் காணப்படும் இயல்பு. இது நம் கருத்து. வல்லார் ஆராய்ந்து கொள்க. மண்டலம் என்பதன் ஈறு கெட்டது பெரிய காரியமன்று. நம்மவரே மண்டலம் என்பதைப் பேச்சில் ஈறு தேய்த்துச் சொல்லுவர்.

இத்தகைய மாற்றங்கள் நம் ஜில்லாப் பெயர்களிலும் நிகழ்ந்தமையாற் சான்றுக்கு வெளியே போக வேண்டியதில்லை. பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் உள்ளன. 1751-ஆம் ஆண்டில், சந்தா சாகிபும் பிராஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமதலியைச் சார்ந்த ஆங்கிலேயர் மறுபுறமுமாக அவ்விடத்துப் போர் விளைந்தது. ஜிஞ்சன் என்னும் தலைவரின்கீழ் நின்ற ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது. அச்சரித்திரத்தை எழுதிய ஆர்ம் என்பார் அவ்விடத்தை 'வால்கொண்டா' என்று குறித்தார். கோல்கொண்டாவைக் கேட்டுப் பழகிய செவிக்குக் கண்டபுரமும் கொண்டாவாயிற்றுப் போலும்! உடையார்பாளையத்தை அக்காலத்து ஆங்கிலேயர் 'வரியூர்ப்பாலம்' என்பது போல எழுதினர். அங்கே டகரம் ரகரமாயிற்று. நாவை வளைத்து எழுப்பும் நம் ஒலிகளை ரகரமாகக் கேட்பது அவர்க்கு இயல்பென்பதற்கு இது நம் வாயிற்படியிலேயே கிடைக்கும் சான்று. பழுவேட்டரையர் இருந்த பழுவூரையும், கொள்ளிடக்கரைத் திருமழபாடியையும் இன்றைய பெயர்ப்பலகைகளில் ஆங்கில எழுத்தாற் படித்துப் பாருங்கள். ழகரம் படும் பாடு இன்னும் தீரவில்லை.

பிறரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அணித்தாயுள்ள ஜயங்கொண்டம் என்னும் ஊரின் முழுப்பெயர் ஜயங்கொண்ட சோழபுரம். வெற்றியைக் கொண்ட சோழனின் நகரம் என்பது பொருள். அதனைச் சுருக்கி வழங்கிய நம் முன்னோர், சோழனை நீக்கிவிட்டு ஜயத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். ஐரோப்பியர் சோழனை உருத்தெரியாமற் சிதைத்தனராயினும் வைத்துக்கொண்டனர். எது மேல் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

இனி, இப்பெயர் கடல்கடந்து பெற்ற வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். சீனதேசத்தில் அரக்குப் பூசிச் செய்த பெரிய மடிப்புத் திரைகள் நம் கரைத் துறைமுகங்களில் ஏற்றிறக்கப்பட்டு ஐரோப்பா சென்றன. அவற்றுக்குக் 'கோரமண்டல் திரை' என்று பெயர் நின்றது. நம் காடுகளிலும் வடநாட்டுக் காடுகளிலும் வளர்ந்து, பீடி சுற்றும் இலையைத் தரும் கருமரம் 'கோரமண்டல் கருங்காலி' எனப்பட்டது. எட்வர்டு லியர் என்னும் ஆங்கிலப் புலவர் 1877-இல் வெளியிட்ட வேடிக்கைப் பாட்டு ஒன்று இக்கரையில் நிகழ்வதாகப் பாடப்பட்டது. சீமைப் பிள்ளைகள் பலர்க்குக் கோரமண்டல் என்பது அப்பாட்டில் வரும் ஒரு கற்பனை நாடே.

கப்பல்களின் கதை இவற்றினும் சுவையுடையது. 1798-ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கட்டப்பெற்ற ஒரு கப்பலுக்குக் குபேரன் பெயர் இடப்பட்டது. 1804-இல் அதனை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கடற்படையார் 'மலபார்' என்று பெயர் மாற்றினர். 1815-இல் மீண்டும் மாற்றிக் 'கோரமண்டல்' என்றனர். சேரர் கரையாயிருந்து சோழர் கரையான அக்கப்பல், பாய்மரத்துக்கு வேண்டிய மரந்தேடி 1820-இல் நியூஜிலாந்து தேசத்தின் ஒரு துறையை அடைந்தது. அது நின்ற துறைக்கும், பின்னர் அங்கெழுந்த ஊருக்கும், முடிவில் அத்தீபகற்பம் முழுமைக்கும் கோரமண்டல் என்று பெயராயிற்று. இராஜேந்திரரின் கப்பல்கள் சென்ற தூரத்தினும் பன்மடங்கு அப்பால், சோழமண்டலம் என்னும் பெயர் தாங்கிய நிலம் ஒன்று இன்றும் உளது. அங்கு வாழ்வோர்க்கு ஆங்கில மாலுமிகளை நினைவூட்டும் பெயர் அது.

அதற்குப் பதினாறு ஆண்டுகட்குப் பின்னர், 1836-இல், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையிற் கீழணை கட்டப்பட்டது. பயிர்களுக்கு நீர்தந்து பல்லாயிரம் குடிகளைக் காக்கும் வேலை அதுவாதலின் அதனை இகழ்தற்கில்லை. ஆனால் அதற்குக் கல் வேண்டியிருந்தது. அருகே கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் நின்றது. மதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டு சென்றனர். பதிலாகச் செங்கல் மதில் எடுத்துத் தருவதாகச் சொன்ன சொல் நிறைவேறவில்லை என்பர். கீழே சரிந்த கல்லில் எத்துணைச் சாஸனங்கள் அழிந்தன என்று எண்ணுதற்கு இனி வழியில்லை. 2004-ஆம் ஆண்டில் அக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, மதிலின்றியே சேர்க்கப்பட்டது. மதிற் கற்கள் பெயர்க்கப்பட்டதற்கு மறுவருடம், 1837 ஜனவரியில், 'கோரமண்டல்' என்னும் பெயருடைய வேறொரு கப்பல் ஆங்கிலக் குடிகளை ஏற்றிக்கொண்டு தென் ஆஸ்திரேலியாவின் கரையை அடைந்தது. அதனின்றும் தப்பியோடிய மாலுமிகள் சிலர் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் ஒளிந்திருந்தனர். கப்பல் அவர்களை விட்டு நீங்கிற்று. பள்ளத்தாக்குக்கு அதன் பெயர் நிலைத்தது. அடிலெயிட் நகரத்தை அடுத்துள்ள அவ்விடத்தைக் கோரமண்டல் பள்ளத்தாக்கு என்றே இன்றும் வழங்குகின்றனர்.